பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 67, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். கும்பகோணத்தில் சொந்த வீடு. என் ஓய்வூதியம் 38,000, வீட்டுச் செலவு 26,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம், வங்கி எஃப்.டி.யில் 5 லட்சம் இருக்கிறது. அடுத்த ஜூலை கடைசியில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்கு நடந்து போக ஆசை. இருவருக்கும் 1,40,000 ஆகுமாம். இந்த அக்டோபரிலேயே முழுத்தொகை கட்டினால் 10,000 தள்ளுபடி, ஆனால் பணம் திரும்ப வராது. மகனோ, "இந்த வயசுல எதுக்கு, காசிக்குப் போய்ட்டு வாங்க" என்கிறான்.

பதில்: எஃப்.டி.யை உடைக்க வேண்டாம் அம்மா, ஆனால் போய் வாருங்கள். காசி எங்கும் போய்விடாது, 75 வயதில் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். முழங்கால் கேட்கும் பயணங்களை முதலில் முடித்துவிடுவதுதான் சரியான வரிசை. மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். பத்தாயிரத்துக்காக ஒரு லட்சத்துக்கு மேல் மாட்டிக்கொள்வதா? பூ நிறையப் பூப்பது ஜூலை, ஆகஸ்டில்தான், அதுவே மழைக்காலமும். பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலுள்ள மலை ஊரான ஜோஷிமட்டை எட்டும் முன் மண் சரிந்து சாலை அடைத்தால், அதற்கு முந்தைய பீப்பல்கோட்டியில் ஒரு நாள் உட்கார வேண்டியதுதான். சாருக்கு பி.பி. ஏறினால் மொத்தப் பயணமுமே ரத்தாகும். கால் பங்கு முன்பணம், பாக்கி கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பது எழுத்தில், இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் போகவே வேண்டாம்.

அப்புறம், 1,40,000 போதாது, இன்னொரு 25,000 சேர்த்து வையுங்கள். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகும், அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு முன் தங்கும் ஊரான காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். இந்த வழியில் குதிரை கிடைக்கும், ஆனால் பள்ளத்தாக்குக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை, அங்கே தங்கவும் முடியாது, காலையில் போய் அன்றே காங்கரியா திரும்ப வேண்டும். அதனால் முதல் நாள் ஏற்றத்தில் வீரம் காட்டாமல் குதிரையில் ஏறி, கால்களின் தெம்பை மறுநாளுக்கு மிச்சம் பிடியுங்கள். காங்கரியாவிலிருந்து பலர் ஏறும் சீக்கியர் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாஹிப் 4,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சாருக்கு அது வேண்டாம் என்பேன். அதற்குப் பதில் ஜோஷிமட்டில் ஒரு நாள் ஓய்வு, முடிந்ததும் பத்ரிநாத்தில் ஒரு நாள். கோவிந்த்காட்டிலிருந்து 25 கிலோமீட்டர்தான், ஆழ்வார்கள் பாடிய வதரி, கும்பகோணத்துக்காரர்கள் விட்டுவிட்டு வந்தால் ஊரில் கேட்பார்கள்! இந்த இரண்டு நாள் அறை, குதிரை, காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் அந்த 25,000.

ஆக 1,65,000. உங்கள் 15 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வருகிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை மூன்றையும் தொடாமல் வைத்தால் 92,250. மீதி 72,750-க்கு ஒன்பது மாத ஆர்.டி., மாதம் 8,100 போட்டால் போதும், உங்கள் கையில் மாதம் 12,000 மிஞ்சுகிறதே. எஃப்.டி.யை இடையில் உடைத்தால் எத்தனை மாதம் இருந்ததோ அதற்கான வட்டிதான் தருவார்கள், பெரும்பாலும் அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அந்த 5 லட்சம் ஆஸ்பத்திரிப் பணம், அதன் பக்கமே போகாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும், பலர் அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். வழக்கமான பாலிசிகளில் அது தொழில்முறையாக அதில் ஈடுபடுபவர்களுக்கு மட்டும்தான், உங்கள் பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பயணக் காப்பீடு தனியாக எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கினால் தருவார்களா என்று கேளுங்கள். சாரின் பி.பி.யை மறைக்காதீர்கள், பிறகு அதைக் காட்டியே மறுப்பார்கள்.

முன்பணம் கட்டும் முன் சாருக்கு டாக்டரிடம் ஒரு டிரெட்மில் டெஸ்ட். அவர் சரி என்றால் இருவரும் சுவாமிமலையின் 60 படிகளில் தினமும் ஏறி இறங்குங்கள். ஷூவை இப்போதே வாங்கிவிடுங்கள், புது ஷூவில் மலை ஏறினால் முதல் நாளே குதிகால் கொப்பளித்துவிடும்.