பெரிய டெக்ஸ்ட் கோப்புகள் இரண்டை ஒப்பிட லினக்ஸில் டிஃப் (diff) கமாண்டைப் போட்டால் பாதியில் செத்துவிடுகிறது, என்ன செய்வது?

நீங்கள் ஒப்பிடுவது ஏதோ டேட்டா ஏற்றுமதி, வரிகளின் வரிசை முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் டிஃப் வேண்டாம். அது இரண்டு கோப்பையும் மொத்தமாக மெமரிக்குள் இழுத்துக்கொண்டுதான் வேலையையே தொடங்கும். இரண்டையும் சார்ட் (sort) கமாண்டால் வரிசைப்படுத்திவிட்டு 'காம் -3' (comm -3) போடுங்கள், ஏதாவது ஒரு கோப்பில் மட்டும் இருக்கும் வரிகளைக் காட்டும். காம் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போவதால் எத்தனை ஜிபி இருந்தாலும் தாங்கும்.

நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாறியபோது இரண்டிலிருந்தும் எடுத்த கோப்புகள், ஒவ்வொன்றும் 11 ஜிபி, மெஷினில் இருந்ததோ 16 ஜிபி ரேம். டிஃப் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு 'கில்டு' என்று நின்றது. சரி, சார்ட் போட்டேன், டெம்ப் டைரக்டரி நிரம்பிவிட்டது (சார்ட்டின் கேபிடல் டி (-T) ஆப்ஷனில் இடமுள்ள வேறு டைரக்டரியைக் கொடுக்கலாம்). அப்புறம் காம் ஓட்டினால் ஒரு வரி விடாமல் எல்லாமே வித்தியாசம் என்கிறது! கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் காட்டும் 'கேட் -ஏ' (cat -A) போட்டுப் பார்த்தபோதுதான் ஒரு கோப்பில் மட்டும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ^எம் (^M, விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் குறி) ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது, விண்டோஸிலிருந்து வந்த கோப்பு. அதை நீக்கி, வரிசைப்படுத்தும் விதியை முடிவுசெய்யும் லொக்கேலை இரண்டு கமாண்டுக்கும் ஒரே மாதிரி 'சி' (C) என்று வைத்து மறுபடி ஓட்டினேன். மிஞ்சியது 47 வரி.

அந்த 47-ம் புதிய டேட்டாபேஸில் இரண்டு முறை ஏறியிருந்த பணப் பதிவுகள். சார்ட்டுக்கு -யு (-u) போட்டு ஓட்டு, சீக்கிரம் முடியும் என்று சீனியர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டிருந்தால் இரட்டை வரிகள் ஒன்றாகிப்போய் இரண்டு கோப்பும் ஒன்றே என்று வந்திருக்கும். மறுநாள் மீட்டிங்கில் அவரே எழுந்து தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். வருடங்கள் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை. செய்தவன் பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

லாக், சோர்ஸ் கோடு என்றால் வரிசை முக்கியம், அங்கே இது உதவாது என்று யாராவது வருவார்கள். ஒத்துக்கொள்கிறேன், அதற்கு டிஃப்தான் வேண்டும். பெரிய கோப்புகளுக்கென்றே டிஃப்பில் ஓர் ஆப்ஷன் உண்டே என்பார்கள். அது வேகத்துக்குத்தான், மெமரி பிரச்சினையைத் தீர்க்காது. இரண்டும் ஒன்றா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் 'சிஎம்பி' (cmp) போடுங்கள், முதல் வித்தியாசத்திலேயே நின்று எந்த பைட், எந்த வரி என்று சொல்லிவிடும்.