தொட்டி பெரிசு, குழாய் சின்னது

(மதுரையில் 18 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் அக்கா, இந்த இதழில் கிராபிக்ஸ் கார்டு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, அனிமேஷன் படிக்கிறேன். பகலில் பிளெண்டர் (3டி அனிமேஷன் மென்பொருள்), ராத்திரி கொஞ்சம் கேம். ஆர்.டி.எக்ஸ் 3060-இல் 3584 கோர், 12 ஜிபி. 4060-இல் 3072 கோர், 8 ஜிபி. எண்ணிக்கையில் பழையதுதான் பெரியது. கடையிலோ புதியதுதான் வேகம் என்று அடித்துச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை தம்பி. உங்களுக்கு என்ன வேலை என்று கேட்காமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கோர் என்பதை ஆட்கள் என்று வைத்துக்கொண்டால், கிளாக் என்பது ஒவ்வோர் ஆளின் கைவேகம். 3060-இன் பூஸ்ட் கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸ். 4060-க்கு 2460. ஆளையும் வேகத்தையும் பெருக்கி, ஒரு துடிப்பில் ஒவ்வோர் ஆளும் இரண்டு கணக்குப் போடுவதால் இன்னும் இரண்டால் பெருக்கினால், பழையது சுமார் 12.7 டெராஃப்ளாப்ஸ் (அதாவது நொடிக்கு 12.7 லட்சம் கோடி கணக்கு), புதியது சுமார் 15. ஆள் குறைந்தும் வேலை கூடுவது இதனால்தான்.

அப்புறம், தலைமுறை மாறிய கார்டுகளின் கோரை எண்ணி ஒப்பிடவே கூடாது. 2080 டிஐ-யில் 4352 கோர். அடுத்த தலைமுறையான 3070-இல் 5888. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் அதிகம். ஆனால் கேம் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். பழையதில் முழு எண் கணக்குக்கென்று தனியாக வைத்திருந்த பகுதியை, புதியதில் தசமக் கணக்குக்கும் பழக்கி, அதையும் கோர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எண்ணிக்கை ஏறிய அளவுக்கு வேகம் ஏறவில்லை.

இனி மெமரி. பஸ் என்பது மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே டேட்டா ஓடும் குழாய். பஸ் அகலத்தை மெமரி வேகத்தால் பெருக்கி எட்டால் வகுங்கள். 3060-க்கு 192 பிட், 15 ஜிகாபிட்: நொடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 128 பிட், 17 ஜிகாபிட்: 272 ஜிபி. குழாய் சின்னதாகிவிட்டது, பார்த்தீர்களா? அதை ஈடுகட்டத்தான் சிப்புக்குள்ளேயே கேஷ் என்ற சின்ன அவசர மெமரியை 24 எம்பி வைத்தார்கள். 3060-இல் அது வெறும் 3 எம்பி. 1080 பி கேம்களுக்கு அந்த ஏற்பாடு நன்றாகவே போதும், 4060 முந்தும். கரண்டும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்தான்.

பிளெண்டர் கதை வேறு. காட்சி 8 ஜிபிக்குள் அடங்கும்வரை 4060 வேகம். அடங்காவிட்டால் மீதிக்கு மதர்போர்டு ரேமுக்குப் போய்ப் போய் வர வேண்டும். ரெண்டர் (காட்சியைப் படமாக வரைந்தெடுக்கும் வேலை) நொண்டும், சில சமயம் மெமரி போதவில்லை என்று நின்றே போகும். ஆகவே உங்களுக்கு 3060, 12 ஜிபி. கேம் மட்டும் என்றிருந்தால் 4060 என்றிருப்பேன். வாங்கும்போது பெட்டியில் 12 என்று இருக்கிறதா பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அதில் குறைந்தது மெமரி மட்டும் இல்லை, பஸ்ஸும் 128 பிட், நொடிக்கு 240 ஜிபிதான்.

கேள்வி: மகனுக்கு 4 ஜிபி கார்டு வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் இருப்பது 2 ஜிபிதான், ஆனால் அதில் கேம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒன்றாவது வரும் சகோதரி. ஜிபி என்பது மொட்டைமாடித் தொட்டி. எவ்வளவு பிடிக்கும் என்றுதான் சொல்லும். கீழே தண்ணீர் எப்படி வரும் என்பது குழாயைப் பொறுத்தது.

ஜி.டி 1030 என்று ஒரு கார்டு. அந்த ஒரே பெயரில் இரண்டு வகை. இரண்டிலும் 2 ஜிபி, 384 கோர், 64 பிட் பஸ். ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் வந்த மற்றதில் டிடிஆர்4, நொடிக்கு 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு சிட்டிகை அதிகம்! பெட்டியின் முன்பக்கத்தில் படமும் பெயரும் பளபளக்கும், மெமரி வகையோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். என் மேஜைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த மூலையைப் பார்த்ததே இல்லை.

உங்கள் 4 ஜிபி கார்டும் இப்படிக் குழாய் சின்னதாக இருக்கலாம். மகனிடம் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கச் சொல்லுங்கள். மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்வித் (நொடிக்கு எத்தனை ஜிபி ஓடும் என்ற எண்) மூன்றையும் காட்டும். பழைய சிப்புக்குப் புதுப்பெயர் ஏற்றி விற்ற போலிக் கார்டையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு கடைக்காரரிடம் பேசினால் பேச்சில் ஒரு பிடி இருக்கும்.

கேள்வி: 5070 கார்டு 4090-க்குச் சமம் என்று கம்பெனிக்காரர்களே மேடையில் சொன்னார்களே, உண்மையா?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: 2025 ஜனவரியில், லாஸ் வேகஸில், இந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியா கம்பெனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கே சொன்னது. விலை 549 டாலர் என்றதும் கைத்தட்டல். இப்போது எண்களை வையுங்கள்: 5070-இல் 6144 கோர், 12 ஜிபி. 4090-இல் 16384 கோர், 24 ஜிபி. எப்படிச் சமமாகும்? கார்டு உண்மையில் வரையும் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் ஒரு படம்), ஏஐ கற்பனை செய்த மூன்று ஃபிரேம்வரை இடையில் செருகும் வசதியோடு புதிய தலைமுறை வந்தது, அதையும் சேர்த்து எண்ணினார்கள். கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மவுஸை அசைத்தால் பதில் கிடைப்பது நிஜ ஃபிரேமின் வேகத்தில்தான்.

நான் சோதிக்கும்போது அந்த வசதியை அணைத்துவிடுவேன். ஒரே கேம், ஒரே இடம், மூன்று முறை ஓட்டுவேன். முதல் ஓட்டத்தில் ஷேடர் (காட்சியை வரையக் கார்டு ஓட்டும் சின்ன நிரல்கள்) தயாராகிக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்கைத் தள்ளிவிடுவேன். சராசரியைவிட ‘1 சதவீத லோ’ (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்ற எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். சராசரி நொடிக்கு 90 ஃபிரேம் என்று இருக்கும், சண்டைக் காட்சியில் 25-க்கு விழும். விக்குவது அங்கேதான்.

கேள்வி: புதுக் கார்டு போட்டு இரண்டு நாள் ஆகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கேமில் ஒரு வித்தியாசமும் இல்லை. கார்டே பழுதா?
– டிப்ளமோ மாணவர், தென்காசி

பதில்: கேபினட்டின் பின்னால் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டிலேயே குத்தியிருக்கும். கீழே, படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளைக்கு மாற்றுங்கள். சிரிக்கவில்லை, என் தம்பி மகன் கம்ப்யூட்டரில் நானே இதைச் செய்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து அழித்துப் போட்டிருக்கிறேன்.