தூங்கி எந்திரிச்சா டி டிரைவைக் காணோம்!
கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். மீன்பிடி போட்டுக் கணக்கு, டீசல், ஐஸ், எறா எடை எல்லாம் லேப்டாப்லதான் ஏத்தி வச்சிருக்கேன். சி டிரைவுக்கு எஸ்எஸ்டி (சுத்தாத, சிப்புல எழுதுற டிஸ்க்) போட்டப்ப பழைய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி இருந்த இடத்துல கேடின்னு (caddy) ஒரு சட்டத்துல வச்சு மாட்டிக் குடுத்தாங்க, அதுதான் டி டிரைவ். ஹைபர்னேட்ல போட்டு மறுநா தொறந்தா மவுஸ் மட்டும் நகருது, எதை அமுக்குனாலும் சுத்திக்கிட்டே இருக்கு, டி டிரைவே இல்ல. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் இருக்கு. கடையில டிஸ்க் போச்சு, புதுசு போடுங்கன்றாங்க. போடணுமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, காசை எடுத்து வைக்காதீங்க, ஆனா டி டிரைவ் தெரியுறப்பவே கணக்கு ஃபைலை எல்லாம் இன்னைக்கே வேற ஒரு டிஸ்க்குல காப்பி பண்ணிருங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒழுங்கா வருது, ஹைபர்னேட்ல இருந்து எந்திரிச்சா மட்டும் வரல, அப்படின்னா டிஸ்க் செத்துருக்க வாய்ப்பு கம்மி. ஹைபர்னேட்ல ரேம்ல இருக்குறத எல்லாம் சி டிரைவ்ல ஒரு மறைவு ஃபைலா எழுதி வச்சுட்டு கரண்டை மொத்தமா நிறுத்திரும். திரும்ப ஆன் பண்ணுறப்ப விண்டோஸ் புதுசா ஆரம்பிக்காம, விட்ட இடத்துல இருந்து தொடங்கி, டி டிரைவ் ரெடியா நிக்கிதுன்னு நினைச்சு வேலை குடுக்கும். சுத்துற டிஸ்க்கு வேகம் பிடிக்கவே சில செகண்டு ஆகும், தூக்கத்துல இருந்து எழுப்புனவனை உடனே ஓடச் சொல்ற கதைதான். பதில் வரலேன்னா டிஸ்க்கைக் கையாளுற டிரைவர் சாஃப்ட்வேர் அதை ரீசெட் பண்ணிப் பாக்கும், அந்த நேரம்தான் உங்களுக்கு எல்லாம் உறைஞ்சு நிக்குது. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் பகுதியில எந்திரிச்ச நேரத்துல 129 நம்பர் எச்சரிக்கை கிடந்தா இதேதான்.

அப்புறம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு டி டிரைவைப் பாருங்க. 05, சி5, சி6 மூணு வரியிலயும் கடைசிக் கட்டத்துல உள்ள நம்பர் பூஜ்யமா இருந்தா நிம்மதி. சி5ல நம்பர் இருந்தா படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கோட சின்னத் துண்டு) இருக்குன்னு அர்த்தம், அப்ப கடைக்காரர் சொன்னது சரி. சி7 மட்டும் ஏறிக்கிட்டே போனா கோளாறு டிஸ்க்ல இல்ல, கனெக்டர்ல. (அந்த நம்பர் எப்பவும் கீழ இறங்காது, புதுசா ஏறுதான்னு மட்டும் பாக்கணும்.)

எனக்கு சந்தேகம் அந்த கேடி மேலதான். நம்ம கடக்கரை உப்புக் காத்துக்கு கனெக்டர் பின்னு கருத்துப் போறது சகஜம், அதுலயும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல போட்டு நிக்கும், கணக்கும் இருக்காது, லேப்டாப்பும் பையிலயே கெடக்கும், சூடே ஏறாம ஈரம் உள்ள உக்காந்துக்கும். சார்ஜரைக் கழட்டி, பேட்டரியையும் கழட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பின்னைத் துடைச்சு, நல்லா காய விட்டு அழுத்தி மாட்டச் சொல்லுங்க.

அதுக்கும் கேக்கலேன்னா லேப்டாப் கம்பெனி சைட்ல ஸ்டோரேஜ் டிரைவரும் பயாஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட்டும் இருக்கான்னு பாருங்க, பவர் ஆப்ஷன்ஸ்ல ஹார்ட் டிஸ்க்கை ஆஃப் பண்ற நேரத்தை நெவர்னு வைங்க. அதே இடத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கையும் எடுத்துருங்க, விண்டோஸ் 8ல வந்த இதுவும் பாதி ஹைபர்னேட்தான், ஷட்டவுன் குடுத்தாலும் முழுசா ஷட்டவுன் ஆகாது.

என்னைக் கேட்டா எஸ்எஸ்டி இருக்குற மெஷினுக்கு ஹைபர்னேட்டே வேணாம், ஷட்டவுன் பண்ணுங்க. பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிற பழக்கத்தை மட்டும் விட்ருங்க, நல்ல டிஸ்க்குல உள்ள ஃபைலும் அதுலதான் கெட்டுப் போகும்.

கேள்வி: ஹைபர்னேட்ல இருக்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உருவி ஃப்ரெண்டு லேப்டாப்ல ப்ராஜெக்ட்டை மாத்திட்டு திரும்ப சொருகினேன். பாதி ஃபைல் ஓபன் ஆகல சார், ஏன்?
– மாணவி, கீழக்கரை

பதில்: உங்க லேப்டாப் ஞாபகத்துல அந்த டிஸ்க்கோட பழைய ஃபைல் பட்டியல்தாம்மா இருக்கும், எந்திரிச்சதும் அதை வச்சே எழுதினா ஃப்ரெண்டு வீட்ல சேவ் பண்ணது குழம்பிரும். ஹைபர்னேட் போடுறதுக்கு முன்னாடியே எஜெக்ட் குடுத்து எடுக்கணும். இப்ப அந்த டிஸ்க்ல புதுசா எதையும் எழுதாதீங்க, ஃப்ரெண்டு லேப்டாப்ல ப்ராஜெக்ட் ஒரு காப்பி கெடக்கான்னு மொதல்ல அங்க தேடுங்க.

கேள்வி: லேப்டாப் எந்திரிக்கும்போது டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வருது, பிழை தேடுற செக்டிஸ்க் ஓட்டலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஓட்டாதீங்க. அது பிழை தேடி டிஸ்க்கைப் படிச்சுக்கிட்டே இருக்கும், இருக்கிற உயிரும் போயிரும். ஆஃப் பண்ணி வச்சுட்டு, உள்ள இருக்குறது முக்கியம்னா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட நேரா கொண்டு போங்க, ஃப்ரிட்ஜ்ல வைக்கிற வைத்தியம் எல்லாம் வேணாம்.