இசட் டி.என்.ஏ. என்பது பி-யின் கண்ணாடிப் பிம்பமா?

"டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளுக்கு ஏ, பி, இசட் என மூன்று வடிவங்கள் உண்டாம். இசட் மட்டும் இடப்பக்கம் சுழல்கிறதாம். அப்படியானால் அது பி-யின் கண்ணாடிப் பிம்பம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுத்துவரும் என்னிடம் ஏறக்குறைய ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வலம், இடம் என்பதன் பொருளை முதலில் உறுதிசெய்துகொள்வோம். என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும் என்பது அவர் கையோடு கலந்த பழக்கம். அதன் காரணத்தை நான் பின்னாளில்தான் படித்தறிந்தேன். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. நம்மைப் பார்த்த பக்கத்தில் கீழ் இடமிருந்து மேல் வலமாகச் சில டிகிரி சாய்ந்து, மரத்தைச் சுற்றியபடி ஏறுகின்றன. ஆகவே அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். குழாய்கள் ஏறும் விதம் வலச்சுருள். வெட்டுக்கோட்டை அப்படியே மரத்தைச் சுற்றி நீட்டினால் கிடைப்பது இடச்சுருள். மரத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் வலச்சுருள் வலச்சுருளாகவே இருக்கும். டி.என்.ஏ.வில் ஏ-யும் பி-யும் வலச்சுருள்கள், இசட் இடச்சுருள்.

ஏ, பி என்ற பெயர்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினும் அவருடைய ஆய்வு மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் செய்த ஆய்விலிருந்து வந்தவை. டி.என்.ஏ. இழையைச் சுற்றியிருக்கும் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காடாக இருக்கையில் ஒரு வகை எக்ஸ்-கதிர்ப் படமும், 92 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது வேறொரு வகைப் படமும் கிடைத்தன. ஈரம் ஏறியதும் இழை நீண்டு மெலிந்தது. உலர்ந்த வடிவத்துக்கு ஏ, ஈர வடிவத்துக்கு பி என்று பெயரானது. 1952 மே மாதத்தில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற 51ஆம் எண் படம் பி வடிவத்தினுடையது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட மாதிரியும் பி-தான். ஏ வடிவப் படத்தில் புள்ளிகள் ஏராளம், அளவிடத் தோதானவை. ஆனால் சுருள் என்பதைப் பளிச்சென்று காட்டும் பெருக்கல் குறி பி-யின் படத்தில்தான் இருந்தது. ஏ-யும் சுருள்தானா என்று பிராங்க்ளினே சில காலம் ஐயுற்றார். (பால் வெட்டப் புறப்படும் விடியற்காலையில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 90ஐத் தாண்டுவது வழக்கம் என்பதால், ஏ-யைப் பார்க்க நம் ஊரில் குளிர்சாதன அறை வேண்டியிருந்திருக்கும் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன்.)

உயிரணுவுக்குள் நீர் நிறைந்திருப்பதால் அங்கே பெரும்பாலும் காணப்படுவது பி. அதன் தடிமன் ஏறத்தாழ 2 நானோமீட்டர். ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 கார இணைகள் (இரு இழைகளையும் இணைக்கும் படிகள்). அடுத்தடுத்த இணைகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர். இணைகள் அச்சுக்கு ஏறக்குறையச் செங்குத்தாகப் படிக்கட்டுகளைப் போல அடுக்கப்பட்டிருக்கும். ஏ-யில் அதே படிகள் சுமார் 20 டிகிரி சாய்ந்து, அச்சைவிட்டு வெளியே தள்ளிப்போய் நிற்பதால், மேலிருந்து பார்த்தால் நடுவில் துளை தெரியும். சுருள் குட்டையாகவும் பருமனாகவும் ஆகி, ஒரு சுற்றுக்கு 11 இணைகள் கொள்ளும். ஏ-யை ஆய்வக விந்தை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் கூடுதலாக இருக்கும் ஓர் ஆக்சிஜன் பி வடிவத்துக்கு இடம் கொடுக்காததால், இரட்டை இழை ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஏ குடும்பத்து வடிவத்தையே எடுக்கிறது.

இப்போது இசட்டுக்கு வருவோம். 1972இல் போல், ஜோவின் ஆகிய இருவர், குவானின், சைட்டோசின் என்ற இரு காரங்கள் மாறி மாறி வரும் செயற்கை டி.என்.ஏ.வை மிகுந்த உப்புக்கரைசலில் வைத்தபோது, அதன் ஒளியியல் குறிப்பு (வலமும் இடமுமாகச் சுழலும் ஒளியை அது உறிஞ்சும் விதத்தில் உள்ள வேறுபாடு) ஏறக்குறையத் தலைகீழாவதைக் கண்டனர். 1979இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் ஆறே இணைகள் கொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டின் படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தபோது, எதிர்பாராத இடச்சுருள் ஒன்று வெளிப்பட்டது. உப்பு எதற்கு என்றால், இந்த வடிவத்தில் எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பேட்டுகள் நெருங்கி நிற்க நேர்வதால், அவற்றின் விலக்கத்தைத் தணிக்க நேர்மின் அயனிகள் தேவைப்படுகின்றன. உயிரணுவில் அவ்வளவு உப்பு கிடையாது. ஆனால் மரபணுவைப் படியெடுக்கும் நொதி இழையைப் பிரித்துக்கொண்டு முன்னேறும்போது அதன் பின்னால் முறுக்கு தளர்கிறது, அந்தத் தளர்வு பொருத்தமான வரிசையுள்ள துண்டைச் சிறிது நேரம் இசட்டாக மாற்றக்கூடும். ஆடார்1 என்ற புரதத்தில் இசட் வடிவத்தைப் பற்றிக்கொள்வதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது.

உங்கள் கேள்விக்கான விடை சர்க்கரையில் இருக்கிறது. பி-யைக் கண்ணாடியில் காட்டினால் அதன் டி-வகைச் சர்க்கரைகள் அனைத்தும் எல்-வகையாகத் தெரியும், அத்தகைய டி.என்.ஏ.வை வேதியியலாளர்கள் உருவாக்கியும் இருக்கிறார்கள். அதுதான் உண்மையான பிம்பம். இசட்டிலோ சர்க்கரைகள் நம் உடம்பில் உள்ள அதே டி-வகைதான். சர்க்கரையை மாற்றாமலே சுருளின் திசையைத் திருப்ப வேண்டியிருப்பதால், குவானின்கள் தம் சர்க்கரையின்மேல் புரண்டு படுக்கின்றன, சைட்டோசின்கள் அப்படிப் புரள்வதில்லை. ஒன்றுவிட்டு ஒன்று இப்படி மாறுவதால் சர்க்கரையும் பாஸ்பேட்டும் கோத்த இழையின் முதுகெலும்பு நெளிகோடாகிறது. இசட் என்ற பெயரும் அந்த நெளிவால் வந்ததே. ஒரு சுற்றுக்கு 12 இணைகள், தடிமன் சுமார் 1.8 நானோமீட்டர், பி-யில் இரு இழைகளுக்கிடையே பெரிதும் சிறிதுமாக ஓடும் இரண்டு பள்ளங்களில் பெரியது ஏறக்குறைய மறைந்து ஒரே ஆழமான பள்ளம். கண்ணாடிப் பிம்பத்தில் இந்த அளவுகளுள் எதுவும் மாறியிருக்கக் கூடாது.

எங்கள் பட்டணத்தில் ஒரு டியூஷன் நிலையத்தின் வெளிச்சுவரில் பெரிய டி.என்.ஏ. ஓவியம் இருக்கிறது. வரைந்தவர் படத்தைப் புரட்டிப் படியெடுத்துவிட்டார் போலும், அது வெட்டுக்கோட்டைப் போல இடச்சுருளாகப் போகிறது. "அது இசட் சார்" என்று என் மாணவன் ஒருவன் ஓவியருக்காக வாதாடினான். கோடு வழவழப்பாக வளைந்து செல்கிறது, இரண்டு பள்ளங்களும் தெளிவாகத் தெரிகின்றன, சுற்றுக்குப் பத்துப் படிகள் இருக்கின்றன. நெளிவு எங்கே என்று கேட்டேன். அவன் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் எல்-வகை என்று சொல்லிவிடலாமா சார்?" என்றான். அதை மறுக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை.