சிறுபான்மையைக் காக்கும் பிரிவு அரசியல் யாப்பிலேயே இருந்தும் இலங்கைத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளியினரான மலையக மக்களின் வாக்குரிமை 1949 இல் எப்படிப் பறிபோனது? தாராண்மைவாதம் (லிபரலிசம்) தோற்றதா, ஜனநாயகம் தோற்றதா?

இரண்டும் சேர்ந்துதான் கைவிட்டன என்பேன்.

சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. 1947 தேர்தலில் இந்த மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே வந்த 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் (குடியுரிமை) சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. இங்கே பிறந்தவரென்றால் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே போய்த் தேடுவது? 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் பதிவுக்கு வழிவிட்டது. ஆனால் திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டும். இந்தியாவுக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் பிரசைக்கே வாக்கு என்றது. 1952 இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

இச்சட்டங்களை எதிர்த்த கோடாகன்பிள்ளை வழக்கில் 29(2) ஐக் காட்டி வாதாடினார்கள். தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்று 1953 இல் அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பான்மை எதைச் செய்யக்கூடாது என்று தாராண்மைவாதம் எல்லை போடுகிறது. அந்தப் பெரும்பான்மை யாரை எண்ணிக் கிடைத்தது என்ற கேள்விக்கு அதனிடம் உறுதியான பதில் இல்லை. தாராண்மைவாதத்தின் பெரிய சிந்தனையாளரான ஜோன் ஸ்டுவர்ட் மில்லே எழுத்தறியாதவருக்கு வாக்கு வேண்டாமென்றும் படித்தவருக்குக் கூடுதல் வாக்கென்றும் 1861 இல் எழுதியவர்தான். சோல்பரிக்கு முந்திய டொனமூர் யாப்புக் காலத்திலும் இந்திய வம்சாவளியினர் வாக்காளராவதற்கு இருந்த வழிகளில் ஒன்று படிப்பும் சொத்தும்.

இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது, யாரிடமும் கேட்கவில்லை. 1988, 2003 சட்டங்களோடுதான் நாடற்றோர் பிரச்சினை ஏறக்குறைய முடிந்தது.

வாக்கு வந்த பிறகும் ஒரு குறை தொடர்ந்தது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்குரிய சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், லயத்துப் பாதையைத் திருத்தித் தரும்படி அவரிடம் கேட்டுப் பயனில்லை. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். தனி முகவரி இல்லாத லயங்களுக்குக் கடிதம் தோட்டக் காரியாலயம் வழியாகத்தான் போகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்தால் அந்த வேலை போனது போனதுதான்.