டிசம்பர் ஆர்டர்களுக்கு நடுவில் மனசை எப்படித் தயாரிப்பது?

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மனசைத் தயாரிக்கிற திருவருகைக்காலம் முழுவதும் எனக்குப் பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை என்றே ஓடிவிடுகிறது. கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் மீதும் எரிந்து விழுகிறேன். 24ஆம் தேதி இரவு வரை தைத்துவிட்டு நள்ளிரவுப் பூசைக்கு ஓடினால், குழந்தை இயேசுவின் சுரூபத்தை முத்தமிடும்போதுகூட மனசில் ஒன்றுமே இல்லை. நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்களே, யோர்தான் ஆற்றுப் பக்கம் திருமுழுக்கு யோவானிடம் வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். லூக்கா 3ஆம் அதிகாரம். ஞாயிறு பூசையில் லூக்கா நற்செய்தி வாசிக்கிற ஆண்டில், பூசை வைக்கும் சாமியார் ரோஸ் நிற உடுப்பு போடும் திருவருகைக்கால மூன்றாம் ஞாயிற்றுக்கு இதுதான் வாசகம். யோவான் யாரையும் வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வரச் சொல்லவில்லை. வரி வசூலிப்பவரிடம் குறித்த தொகைக்கு மேல் வாங்காதே என்றார், படைவீரரிடம் மிரட்டிப் பணம் பறிக்காதே, கிடைக்கிற சம்பளம் போதும் என்று இரு என்றார். அவரவர் தொழிலுக்குள்ளேயே வழியைக் காட்டினார்.

உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் டிசம்பரில் பல தையல் கடைகளில் கேட்கிற பேச்சுதான்: "நாளைக்கு வாங்கக்கா, காஜா மட்டும்தான் பாக்கி." துணியை வெட்டியே இருக்க மாட்டார்கள். அந்தப் பொய்யை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். முடிகிற தேதியை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுங்கள், முடியாத துணியை வாங்காதீர்கள். கொஞ்சம் வருமானம் குறையும், தெரியும். ஆனால் உங்கள் எரிச்சலில் பாதி, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத பயத்தில் வருவது என்றே எனக்குத் தோன்றுகிறது.

17ஆம் தேதியிலிருந்து திருச்சபையே வாசகங்களை இயேசுவின் பிறப்பை நோக்கித் திருப்பிவிடுகிறது. முதல் நாள் மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணை, அப்புறம் யோசேப்பின் கனவு, யோவானின் அப்பா செக்கரியா வாயடைத்துப் போனது, கபிரியேல் தூதர் மரியாவிடம் வந்தது என்று ஒவ்வொரு நாளாக வரும். நீங்களும் அன்றோடு புது ஆர்டரை நிறுத்திக்கொண்டு, மிஷினில் உட்காரும் முன் அன்றைய நற்செய்தியை மட்டும் சத்தமாக வாசியுங்கள், அந்தப் பெண்களும் கேட்கட்டும். நீளமான ஜெபம் ஓடவில்லையே என்று வருந்தாதீர்கள். உடம்பு களைத்தால் மனசும் காய்ந்துதான் போகும், அதை விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கடைசி நாள் வரிசை வரை காத்திருக்காமல் முன்னதாகவே போய்விடுங்கள். அதற்கும் முன்னால் அந்த இரண்டு பெண்களிடம், "கோபத்தில் பேசிட்டேன்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் கிறிஸ்துமஸ் செலவு இருக்கும், சம்பளத்தை 20ஆம் தேதிக்குள் கொடுத்துவிட்டால் நல்லது. அவர்கள் துணியும் உங்கள் கடையில்தான் தைக்கக் கிடக்கும் என்றால், அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.