விளக்குக்கு வரும் ரோவ் வண்டு: வாசகர் கேள்விகள்

மன்னார்குடி வாசகர்: சம்பா வயலை ஒட்டியே எங்கள் வீடு. மழைவிட்ட இரவுகளில் எறும்பு மாதிரி ஒல்லியான, கறுப்பும் ஆரஞ்சுமான பூச்சி டியூப்லைட்டுக்கு வந்து விழுகிறது. மகள் கழுத்தில் கோடு இழுத்தாற்போல் கொப்புளம். அக்கி என்று காவி பூசினோம், ஆறவில்லை. வயலுக்கு மருந்தடித்தால் பூச்சி ஒழியுமா?

பதில்: தயவுசெய்து அதற்காக மருந்தடிக்காதீர்கள். இது ரோவ் வண்டு இனத்தில் ஒன்றான பெடெரஸ். நீளம் சுமார் 7 மி.மீ. தலையும் வால்நுனியும் கறுப்பு. முதுகில் நீலப்பச்சையாகக் குட்டை மேலிறக்கை. பறக்கும் இறக்கை அதற்கடியில் மடிந்திருக்கும். மிரண்டால் வாலைத் தூக்கும், ஆனால் கொடுக்கு கிடையாது, நம்மைக் கடிப்பதும் இல்லை. அதன் உடல்நீரில் பெடெரின் என்ற நஞ்சு இருக்கிறது. வண்டுக்குள் வாழும் பாக்டீரியா உண்டாக்குவது அது. கழுத்தில் ஊர்வதைக் கையால் நசுக்கித் தேய்த்தால், தேய்த்த தடமெல்லாம் நஞ்சு படியும். உடனே எரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் சிவந்து கொப்புளிக்கும். அதனால்தான் பலருக்கு வண்டு ஞாபகத்துக்கே வருவதில்லை, அக்கி என்று நினைத்துவிடுகிறார்கள். காவியைக் கழுவிவிட்டு, மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி வண்டு மேலே விழுந்தால் ஊதியோ, காகிதத்தில் ஏறவிட்டோ அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் கையையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியைத் துவைக்கப் போடுங்கள். கழுவாத கையால் கண்ணைக் கசக்கவே கூடாது. கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டு அலசி, கண் மருத்துவரிடம் போங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே விளக்கு வேண்டாம். வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டால் வரத்து குறையும். தை அறுவடை சமயத்தில் வயலை விட்டுக் கிளம்பி வருவதால் அப்போது கூடுதல் கவனம் தேவை.

குத்தாலம் வாசகர்: வயலில் இது நெல்லைத் தின்னுமா?

பதில்: நெல்லைத் தொடாது. நெல்லைக் கெடுக்கும் புகையான் (தூரில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி), பச்சைத் தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு ஆகியவைதான் இதன் இரை. பகலில் வரப்புப் புல்லிலும் மண்வெடிப்பிலும் பதுங்கி, பொழுது சாய்ந்ததும் பயிரில் ஏறி வேட்டையாடும். சைபர்மெத்ரின் போன்ற மருந்தை அடித்தால் வண்டும் சிலந்தியும் சாகும். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிவிடும். சில நாளில் அது பொரிக்கும்போது தின்ன ஆளிருக்காது. மருந்தடித்த வயலிலேயே புகையான் திரும்ப எழும்புவது இப்படித்தான். ஆகவே முதலில் குத்தை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) விலக்கி அடித்தூரைப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும்) 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் என்ற அளவை எட்டும்வரை மருந்து வேண்டாம். தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள், யூரியாவை அள்ளி வீசாதீர்கள். அடுத்த நடவில் 8 அடிக்கு 1 அடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: எருக்குழியைக் கிளறினால் இதே வடிவத்தில் முழுக் கறுப்பு வண்டுகள் ஓடுகின்றனவே?

பதில்: அவையும் ரோவ் வண்டுகளாக இருக்கலாம். எருவில் ஈ இடும் முட்டையையும் புழுவையும் தின்பவை. சில வகைகளின் குஞ்சு ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே போய் வளரும். எருக்குழிக்குப் பூச்சிப் பொடி தூவாதீர்கள்.